குடல் புற்றுநோய்: இரண்டாவது கருத்துக் கேட்பதும் டாக்டரை மாற்றுவதும்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் இரண்டு குரல் எழும். "ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க, உடனே ஆபரேஷன் பண்ணிடணும்" என்பார் ஒருவர். "எதுக்கும் இன்னொரு பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. எந்தக் கட்டத்தில் யார் சொல்வது சரி என்பதுதான் தெரிய வேண்டும். புதிதாக இந்த நோயைச் சந்திக்கும் குடும்பங்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறோம். இரண்டாவது டாக்டர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், உங்கள் கையில் இல்லாத ஸ்கேனையும் ஸ்லைடையும் அவரால் ஊகிக்கத்தான் முடியும். அதனால் இந்தக் கட்டுரையில் டாக்டர்களைவிடக் கோப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

கையில் எவ்வளவு நாள் இருக்கிறது?

காத்திருக்கவே கூடாத நிலைகளை முதலில் சொல்லிவிடுவோம். வயிறு உப்பி, மலமும் வாயுவும் பிரியாமல், வாந்தியும் வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். வயிறு பலகைபோல இறுகித் தாங்க முடியாத வலி என்றால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். மலத்தோடு ரத்தம் கொட்டித் தலைசுற்றுவதும் இதே வகை. அப்போது கோப்பைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் புறப்படக் கூடாது. 108-ஐ அழைத்து, ஆபரேஷன் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்புக்கு முதலில் வயிற்றின்மேல் மலம் சேரும் ஒரு பை வைத்துக் குடலுக்கு வழி செய்துவிட்டு, மற்றதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யவும் பல நேரம் வழியுண்டு.

இப்படி அவசரம் எதுவும் இல்லையென்றால், சிகிச்சை தொடங்கும் முன் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாகப் பாதகம் இல்லை. பெரும்பாலான குடல் கட்டிகள் பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்து வந்தவை. ஆனால் மூன்று வாரம் மூன்று மாதமாக நீளுவதைத்தான் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். முதல் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே முடிவெடுக்கும் தேதியையும் குறித்துவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு கணக்கு இறுகுகிறது. அதன் பின் தேவைப்படும் கீமோவை வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவார்கள். அதைத் தாண்டத் தாண்டக் கீமோவின் பலன் குறைகிறது. காலண்டரில் ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணி 42-ஆம் நாளுக்கும் 56-ஆம் நாளுக்கும் வட்டம் போட்டு வையுங்கள். ரிப்போர்ட் வரவும் புண் ஆறவும் போக, இன்னொரு கருத்துக்கு நிஜமாகக் கிடைப்பது மூன்று வாரம்தான்.

கீமோ நடக்கும்போது அடுத்த சுற்றுத் தேதியைத் தள்ளாமல், இரண்டு சுற்றுக்கு நடுவில் போய்வாருங்கள். ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ மருந்துக் கூட்டு என்றால் 14 நாளுக்கு ஒன்று, கேபாக்ஸ் என்ற கூட்டு என்றால் 21 நாளுக்கு ஒன்று. மருந்து ஏறிய முதல் ஐந்தாறு நாள் உடம்பு தளர்ந்திருக்கும். சுற்றின் கடைசி வாரமே பயணத்துக்கு ஏற்றது. பரவிய நோய்க்குக் கீமோ என்றால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேன் வந்தவுடன் போவது இன்னும் நல்லது. புதிய டாக்டருக்கு மருந்து கேட்கிறதா இல்லையா என்பது கையிலேயே இருக்கும்.

கதிர்வீச்சு தொடங்கிவிட்டால் பாதியில் மாற்றாதீர்கள். அந்தத் திட்டம் அந்த மெஷினுக்காக, அந்தப் படுக்கையில் நீங்கள் படுத்த நிலைக்காகப் போட்டது. இன்னொரு இடத்தில் மறுபடி பிளானிங் ஸ்கேனிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்த இடைவெளியில் கட்டி தேறிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் முதல் நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் பல குடும்பங்கள் வழிதவறுகின்றன. புற்றுநோய்க்கு மூன்று வகை டாக்டர்கள்: ஆபரேஷன் செய்பவர், கீமோ கொடுப்பவர், கதிர்வீச்சு கொடுப்பவர். "வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்காமல் தப்ப முடியுமா?" என்பது மலக்குடல் அறுவையில் அனுபவம் உள்ள சர்ஜனுக்கான கேள்வி. அதைக் கீமோ டாக்டரிடம் கேட்டு, அவர் பொதுவாகச் சொன்ன பதிலை நம்பி முடிவெடுத்தவர்கள் உண்டு. உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எந்த டாக்டர் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டு உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

அதே மருத்துவமனையில் பக்கத்து அறை டாக்டரிடம் கேட்பதைவிட வேறு நிறுவனத்தில் கேட்பதே பயன் தரும். அடையாறு புற்றுநோய் நிலையம் (1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது), சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் நம் பக்கத்தில் இருப்பவை. தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) கிட்டத்தில் இருக்கும். மும்பை வரை போக முடியாதவர்கள், டாடா நினைவு மையத்தோடு இணைந்து நடக்கும் நவ்யா என்ற இணையவழி ஏற்பாட்டில் ரிப்போர்ட்டுகளை ஏற்றி எழுத்தாகவே கருத்துப் பெறலாம். கீமோ மருந்துத் தேர்வுக்கு இது நன்றாகப் பயன்படும். மலக்குடல் கட்டிக்கு மட்டும் பேப்பர் போதாது. சர்ஜன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நாங்களே ஃபைலோட போய்ட்டு வர்றோம்" என்ற ஏற்பாடு மலக்குடல் நோயில் உதவாது. வீட்டார் மறைப்பது பாசத்தால்தான். ஆனால் நிரந்தரப் பையோடு வாழப்போகிறவர் அவர். கேட்க வேண்டிய கேள்விகளும் அவருடையவை. முடிந்தவரை அவரையும் கூட்டிப் போங்கள். அவர் வர இயலாத நிலை என்றால், உங்களை அனுப்புவதாக அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்?

கொலோனோஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில், கட்டி ஆசனவாயிலிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது, குழாய் குடல் முழுக்கப் போனதா அல்லது கட்டியிலேயே நின்றுவிட்டதா என்று இருக்கிறதா பாருங்கள். வளையும் குழாயால் அளந்த தூரம் பிசகக்கூடியது. அதனால் மலக்குடல் கட்டிக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் உள்ள தூரத்தைத்தான் சர்ஜன்கள் நம்புவார்கள்.

ஸ்கேன் என்றால் ஃபிலிம் அல்ல, அதைப் பதிந்த சிடி வட்டு அல்லது பென் டிரைவ். நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் எடுத்த சிடி (CT) ஸ்கேன், மலக்குடல் என்றால் இடுப்பு எம்ஆர்ஐ. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் எடுத்த படத்தை வைத்து யாரும் கருத்துச் சொல்ல முடியாது. வட்டை வாங்கிய அன்றே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். காலியான வட்டு, வேறொருவர் பெயருள்ள வட்டு, பழைய ஸ்கேன் மட்டும் உள்ள வட்டு எல்லாமே நடக்கிறது. நூறு மைல் தாண்டிப் போன பிறகு அது தெரிய வந்தால் ஒரு முழு நாள் வீண்.

அடுத்தது பிளாக்கும் ஸ்லைடும். இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்திருப்பார்கள். ஓரத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் பிளாக். அதிலிருந்து முடியைவிட மெல்லிய சீவல்களைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றியது ஸ்லைடு. பெரிய மருத்துவமனைகள் வெளி ரிப்போர்ட்டை அப்படியே ஏற்காமல், இவற்றைத் தங்கள் நோய்க்குறியியல் டாக்டரிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லும். அது உங்கள் டாக்டர் மேல் சந்தேகத்தால் அல்ல, வழக்கமான நடைமுறை.

வாங்கும்போது பிளாக்கின் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே ஒப்பிடுங்கள். ஸ்லைடுகளை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் கேட்டு வாங்குங்கள். பேப்பரில் சுற்றிப் பையில் போட்டால் உடையும். மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும், அங்கே வைக்காதீர்கள். கொலோனோஸ்கோபி வழியாக எடுத்த பயாப்சி என்றால் சதைத் துணுக்குகள் அரிசிக் குருணை அளவுதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சீவச் சீவத் தீர்ந்துவிடும். ஓரிடத்தில் செய்த பரிசோதனையை இன்னோரிடத்தில் திரும்பச் செய்யும் முன், "இந்த ரிப்போர்ட் ஏற்கெனவே இருக்கு, போதுமா?" என்று கேளுங்கள்.

அந்தப் பரிசோதனைகளில் கட்டாயம் வேண்டியது எம்எம்ஆர். எம்எஸ்ஐ என்றும் எழுதியிருப்பார்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றனவா எனப் பார்ப்பது. இது இல்லாமல் வந்த கோப்பைப் பார்த்தால் நல்ல டாக்டர் முதலில் இதைத்தான் கேட்பார். இரண்டாம் நிலை நோயில் கீமோ வேண்டுமா, பரவிய நோயில் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கொடுக்கலாமா, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் பரிசோதனை வேண்டுமா என்ற மூன்று முடிவும் இதில் தொங்குகின்றன. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இந்தப் புரதக் குறைபாடு உள்ள மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் கொடுத்ததில், முதல் 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். குறைபாடு உள்ளவர்கள் சிறு பங்குதான், ஆனால் பார்க்காமல் விட்டால் அவர்கள் யார் என்று தெரியாது. பரவிய நோய் என்றால் கேராஸ், என்ராஸ், பிராஃப் என்ற மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளும் வேண்டும்.

ஆபரேஷன் ஆகியிருந்தால் ஆபரேஷன் குறிப்பும் முழு பயாப்சி ரிப்போர்ட்டும் வேண்டும். எத்தனை நிணநீர்க் கணு பார்த்தார்கள் என்று அதில் தேடுங்கள். குறைந்தது 12 பார்த்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் நோயின் நிலையையே குறைத்து மதிப்பிட்டிருக்க வாய்ப்புண்டு. அந்தப் பிளாக்குகளை மறுபடி பார்க்கச் சொல்லலாம். கீமோ ஆகியிருந்தால் ஒவ்வொரு சுற்றின் தேதி, மருந்து, மில்லிகிராம் கணக்கு, எந்தச் சுற்றில் எவ்வளவு குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்ற விவரம் வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து மொத்தமாக எவ்வளவு ஏறியது என்பது முக்கியம். விரல் மரத்துப்போவது அந்தக் கூட்டுத்தொகையோடு கூடும். ரத்தத்தில் சிஇஏ (நோயின் போக்கைக் காட்டும் ஒரு புரதம்) அளவுகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுத்தவை. சித்த மருந்தோ கஷாயமோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஈரல் அளவுகள் ஏறியிருந்தால் காரணம் தேட உதவும்.

இவற்றின் மேலே ஒரே பக்கத்தில் சுருக்கம்: வயது, சர்க்கரை, இதயநோய், நோய் தெரிந்த தேதி, நடந்தவை வரிசையாக, கடைசியில் உங்கள் கேள்வி. பத்து நிமிட சந்திப்பில் டாக்டர் முதலில் படிக்கப்போவது அந்தப் பக்கம்தான்.

இப்போதைய டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"கோவிச்சுக்குவாரோ, அப்புறம் சரியாப் பார்க்க மாட்டாரோ" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. புற்றுநோய் டாக்டர்களுக்கு இது அன்றாடம் கேட்கும் கோரிக்கை. நேராகவே சொல்லலாம்: "டாக்டர், பெரிய முடிவுங்கறதால இன்னொரு இடத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வீட்டுல நெனைக்கிறோம். பிளாக்கும் ஸ்கேன் சிடியும் எடுத்துக்க ஒரு லெட்டர் கொடுங்க. எத்தனை நாளுக்குள்ள நாங்க திரும்பி வரணும்னும் சொல்லுங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்லும் நாள்தான் உங்கள் கெடு.

கொடுக்கத் தயங்கினால் சண்டை வேண்டாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் இரண்டாவது கருத்துப் பெறுவதையும் உரிமையாகவே சொல்கிறது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுத்தாக மனுக் கொடுத்து, நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதோடு வேலை நடந்துவிடும்.

கட்டாயம் கேட்க வேண்டிய இரண்டு இடங்கள்

எல்லா முடிவுக்கும் இரண்டாவது கருத்துத் தேவையில்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி, வேறெங்கும் பரவவில்லை, நல்ல சர்ஜன் என்றால் எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான். ஆனால் இரண்டு இடத்தில் எவ்வளவு அலைந்தாலும் தகும்.

ஒன்று, ஆசனவாய்க்கு அருகில் உள்ள மலக்குடல் கட்டி. முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷனா, நேரே ஆபரேஷனா, மலத்தை அடக்கும் ஆசனவாய்த் தசையைக் காப்பாற்ற முடியுமா, நிரந்தரப் பையா என்பதில் டாக்டருக்கு டாக்டர் வேறுபாடு வரும். எம்ஆர்ஐ-யில் கட்டிக்கும் அறுவை எல்லைக்கும் இடையில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை என்றால் நேரே ஆபரேஷன் ஆபத்து. சிகிச்சைக்குப் பின் கட்டி முழுதாக மறைந்தால், ஆபரேஷன் இல்லாமல் கண்காணிக்கும் வழியும் இருக்கிறது. பிரேசிலின் டாக்டர் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா முன்னெடுத்த முறை அது. அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்ப வளர்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பரிசோதனைக்கு வர முடியாதவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டு, ஈரலுக்கு மட்டும் பரவிய நோய். "நாலாவது நிலை, இனி கீமோ மட்டும்தான்" என்று கேட்டு மனம் உடைந்துபோகிறவர்களில் சிலருக்கு ஈரல் ஆபரேஷன் செய்து நோயை முழுதாக நீக்க முடியும். முடியுமா என்று சொல்லத் தகுதியானவர் ஈரல் அறுவை நிபுணர். அவரிடம் கீமோ தொடங்கும் முன்பே, இல்லையென்றால் முதல் இரண்டு மாதத்துக்குள் ஸ்கேனைக் காட்டிவிடுங்கள். கீமோ நீளநீள ஈரல் சேதமாகும். ஸ்கேனில் மறைந்துபோன புள்ளிகளில் உயிருள்ள நோய் மிச்சமிருப்பது சகஜம், ஆனால் அப்போது சர்ஜனுக்கு வெட்ட வேண்டிய இடம் தெரியாது.

கருத்து வேறுபட்டால்

எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். ஒருவர் ஃபோல்ஃபாக்ஸ், இன்னொருவர் கேபாக்ஸ் என்றால் அது முரண்பாடே அல்ல. ஒன்றில் 46 மணி நேரப் பம்ப், மற்றதில் மாத்திரை. உங்களுக்கு எது வசதியோ அது. நோயின் நிலையே வேறு என்றோ, ஒருவர் குணமாக்கலாம் என்றும் மற்றவர் முடியாது என்றும் சொன்னாலோதான் நிற்க வேண்டும். "எந்த ரிப்போர்ட்டை வைத்து இப்படிச் சொல்றீங்க?" என்று இருவரிடமும் கேளுங்கள். பல நேரம் ஒருவர் பார்த்த எம்ஆர்ஐ-யை மற்றவர் பார்த்தே இருக்கமாட்டார். இருவரும் ஒரே படத்தைப் பார்த்தும் பிரிந்தால் மூன்றாவது ஒருவரிடம் அந்த ஒற்றைக் கேள்வியை மட்டும் கொண்டுபோங்கள். பிடித்த பதில் வரும்வரை நான்கு ஐந்து என்று போகாதீர்கள். கருத்தை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று பேர் மூன்று விதமாக நினைவுவைத்திருப்பார்கள்.

டாக்டரையே மாற்றுவது

கருத்துக் கேட்பது வேறு, மாறுவது வேறு. மருந்தின் பக்கவிளைவைச் சொன்னால் காதில் வாங்குவதில்லை, திட்டம் என்னவென்று கேட்டால் பதில் இல்லை, அவசரத்தில் யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால் மாறுவது சரி. தூரம் மட்டும்தான் காரணம் என்றால் மாறத் தேவையில்லை: திட்டம் அங்கே, கீமோ இங்கே. பெரிய மையம் எழுதித் தந்த முறைப்படி உங்கள் மாவட்டத்திலேயே ஒரு கீமோ டாக்டர் மருந்து ஏற்றுவார். ஸ்கேன் வரும்போது மட்டும் அங்கே போனால் போதும். இராமநாதபுரத்திலிருந்து 14 நாளுக்கு ஒருமுறை சென்னைக்குப் போய்வருவதில் உடம்பு படும் பாட்டை இது மிச்சப்படுத்தும்.

மாறுவதாக முடிவானால், புதிய இடத்தில் முதல் கீமோ தேதி உறுதியான பிறகு பழைய இடத்தை விடுங்கள். கழுத்துக்குக் கீழே போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைத்த சிறு கருவி) இருந்தால் அதன் அட்டையை வாங்கிக்கொண்டு, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று எழுதுங்கள். பிக் லைன் (கை நரம்பு வழியாகப் போட்ட நீண்ட குழாய்) என்றால் வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும், மாறும் வாரத்தில் அது விட்டுப்போகும். இடைப்பட்ட நாள்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை, எந்த எண் என்று ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் ஓர் இரவில் உயிருக்கு உலைவைக்கும். "நாங்க பழைய பேஷன்ட், நீங்க புதுசு" என்று இரண்டு இடமும் கைகாட்டும் நேரம் இதுதான்.

பணம் பற்றிச் சுருக்கமாக. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. முன்அனுமதி மருத்துவமனைக்கு மருத்துவமனை தனி, எனவே பழைய அனுமதியை முடித்துவைக்கச் சொல்லிவிட்டுப் புதிய இடத்தில் விண்ணப்பியுங்கள். தனியார் காப்பீட்டிலும் இப்படியே. இரண்டாவது கருத்துக்கான ஓபி கட்டணத்தைப் பல பாலிசிகள் தருவதில்லை. ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தைப் புறப்படும் முன் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் பிளாக்கை மறக்காதீர்கள். மறுபரிசோதனைக்குக் கொடுத்த இடத்திலிருந்து திரும்ப வாங்கி, பழைய லேபில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் புது மருந்துக்கு ஒரு பரிசோதனை தேவைப்பட்டால், டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சிறிய மெழுகுக் கட்டியைத்தான்.